பச்சைக் கட்டடமா? ஈ.பி. பில்லைக் காட்டுங்க!

[திரையில்: ஹைதராபாத், சிஐஐ சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம்]

வணக்கம். பசுமைக் கட்டடங்களுக்கு அமெரிக்காவில் உருவான தரச்சான்று லீட்; அதில் உச்சப் படி பிளாட்டினம். அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் லீட் பிளாட்டினம் சான்றிதழ் வாங்கிய கட்டடம் இது. வருஷம் 2003. 69 புள்ளிகளுக்கு 56. நடுவில் முற்றம், சுவரில் ஜாலி என்கிற காற்றோட்டத் துளை வேலைப்பாடு, மாடியில் தோட்டம். பாதிக்குப் பாதி தாத்தா காலத்துச் சங்கதிதான்.

சரி, இந்தப் புள்ளியெல்லாம் எப்படிப் போடுகிறார்கள்? இடம், தண்ணீர், கட்டுமானப் பொருள், உள்ளே சுவாசிக்கும் காற்று என்று தலைப்புக்குத் தலைப்பு உண்டு. மின்சாரத்தில்தான் விஷயமே இருக்கிறது. கட்டப்போகும் கட்டடம் வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவார்கள். குறைந்தபட்ச விதிகளை மட்டும் பின்பற்றும் இன்னொரு கட்டடத்தையும் அதே கம்ப்யூட்டரில் எழுப்பி, இரண்டையும் ஒப்பிடுவார்கள். '30 சதவீதம் மிச்சம்' என்றால், எங்கேயுமே இல்லாத அந்தக் கட்டடத்தைவிட மிச்சம்! குடிவந்தவர்கள் ஏசியை 18-ல் வைத்துவிட்டுப் போர்வை தேடினால் அந்தச் சான்றிதழுக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் முறையில் 12 மாத மீட்டர் ரீடிங்கைப் பார்த்துத்தான் நட்சத்திரம். அதுவும் ஒரு வருஷம்தான் செல்லும். என் ஓட்டு இதற்குத்தான்.

நாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் இது.

[திரையில்: 2,40,000 ÷ 2,000 = 120]

ஓர் அலுவலகம் வருஷத்துக்கு 2,40,000 யூனிட் செலவழிக்கிறது. பரப்பு 2,000 சதுர மீட்டர். வகுத்தால், சதுர மீட்டருக்கு 120 யூனிட். இதைத்தான் இபிஐ, அதாவது எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ் என்கிறார்கள். கார் பார்க்கிங்கையும் சேர்த்துப் பரப்பை 3,000 ஆக்கினால் 80 ஆகிவிடும். ஒரு விளக்கைக்கூட அணைக்காமலே! அதனால் எண்ணைச் சொன்னால், எந்தப் பரப்பால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள். பாதி மாடி காலியா என்றும் கேளுங்கள். மாடியில் சோலார் இருந்தால், பில்லில் ஏறாத அந்த யூனிட்டையும் கூட்டிப் பார்த்தால்தான் கட்டடத்தின் உண்மையான பசி தெரியும்.

அப்புறம், கட்டும்போதே ஆகிவிடும் கார்பன் செலவு. சிமெண்டாக அரைப்பதற்கு முன் சூளையிலிருந்து வரும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர். அதை ஒரு டன் தயாரிக்க, ஏறத்தாழ 850 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல், சூளையில் வேகும் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருவது. அடுப்பு சோலாரில் எரிந்தாலும் அது குறையாது. எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி என்பதெல்லாம் சைட் வாட்ச்மேனின் கேட் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கட்டம் மட்டும் கூடுதலாகப் போட்டு, சிமெண்ட் ஓபிசியா (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்), பிபிசியா (போர்ட்லேண்ட் பொசொலானா சிமெண்ட்) என்று எழுதச் சொல்லுங்கள். பிபிசியில் சாம்பல் கலந்திருப்பதால் கிளிங்கர் குறைவு. மூட்டை எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் கார்பன் கணக்கு வேறு.