போன்ல செஞ்ச லோகோ, போர்டுல ஏன் உடையுது?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "சின்னதா தையல் தொழில் ஆரம்பிச்சிருக்கேன். போன் ஆப்ல ஒரு டெம்ப்ளேட் எடுத்து, தையல் மெஷின், கத்திரிக்கோல், ஊசி நூல், சுத்தி பூக்கொடி, கீழ பேருன்னு நானே லோகோ பண்ணினேன். போர்டு அடிக்கிறவர் பிக்ஸல் உடையுது, வெக்டர் ஃபைல் கொடுங்கன்னு சொல்றார். இதையே மாத்திக் கொடுக்கலாமா, இல்ல புதுசா பண்ணணுமா?"

நல்ல கேள்விங்க. மொதல்ல ஃபைல் விஷயத்தை முடிச்சுடுவோம். ஜேபெக், பிஎன்ஜி எல்லாமே குட்டிக் குட்டிக் கட்டங்களால ஆன படம், அந்தக் கட்டத்தைத்தான் பிக்ஸல்ங்கிறாங்க. உங்க லோகோ 1000 பிக்ஸல் அகலம்னு வெச்சுக்குங்க. அதை 10 அடி போர்டுக்கு இழுத்தா ஒவ்வொரு கட்டமும் 3 மில்லிமீட்டருக்கு வந்து நிக்கும். கிட்ட நின்னு பார்த்தா ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டா தெரியும். அதைத்தான் அவர் உடையுதுங்கிறார். வெக்டர்ல கட்டமே கிடையாது. கோடு எங்க ஆரம்பிச்சு எப்படி வளையுதுங்கிறதைக் கணக்கா வெச்சிருக்கும். எவ்வளவு பெருசாக்கினாலும் ஓரம் கூரா இருக்கும். எஸ்விஜி, ஏஐ, சிடிஆர் இதெல்லாம் அந்த வகை.

இதுல நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. பிஎன்ஜியை எடுத்து பிடிஎஃப்னு சேவ் பண்ணிட்டு வெக்டர் ரெடின்னு நினைச்சுக்குறாங்க. அப்படி ஆகாதுங்க, உள்ள இருக்குறது அதே படம்தான். பிடிஎஃப்பைத் திறந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஜூம் பண்ணிப் பாருங்க. ஓரம் மங்கினா, கட்டம் தெரிஞ்சா, அது வெக்டர் இல்ல. இன்னொண்ணு, எழுத்தைக் கர்வ் பண்ணித்தான், அதாவது ஃபான்ட்டா இல்லாம வரைஞ்ச கோடா மாத்தித்தான் கொடுக்கணும். இல்லன்னா நீங்க போட்ட ஃபான்ட் அவங்க கம்ப்யூட்டர்ல இல்லாதப்போ வேற ஃபான்ட் வந்து உக்காந்துக்கும். தமிழ் எழுத்தா இருந்தா இன்னும் மோசம், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போயிடும்.

இங்க்ஸ்கேப்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல டிரேஸ் பண்ணி, அதாவது படத்தோட ஓரத்தை சாஃப்ட்வேரே கோடா எடுக்க வெச்சு, வெக்டர் ஆக்கலாம். ஒரு கலர், ரெண்டு கலர்ல தெளிவான உருவம்னா ஓரளவு நல்லா வரும். உங்களுதுல பூக்கொடி, நூல்னு அவ்வளவு இருக்கு. கோணல் மாணலாத்தான் வரும்.

அதனால நான் என்ன சொல்வேன்னா, மாத்த வேண்டாம், புதுசா பண்ணுங்க. ஃபைலுக்காக மட்டும் சொல்லல. அந்த லோகோல பொருள் ரொம்ப ஜாஸ்தி. நம்ம என்ன வேலை செய்யறோம்னு லோகோ விளக்கணும்னு நினைக்கிறோம்ல, அங்கதான் தப்பாகுது. விளக்குற வேலையை கீழ இருக்குற பேரும், "தையலகம்"ங்கிற வார்த்தையும் பார்த்துக்கும். லோகோவோட வேலை, பார்த்ததும் இது இவங்களுதுன்னு அடையாளம் தெரியணும். அவ்வளவுதான்.

ஆப்பிள் கம்பெனியைப் பாருங்க. 1976ல அவங்க மொதல் லோகோ, மரத்தடியில நியூட்டன் உக்காந்திருக்குற ஒரு முழு ஓவியம். சுத்தி அலங்காரம், எழுத்து எல்லாம். அதை சின்னதாக்கினா வெறும் கறுப்புக் கசகசப்பு. மறு வருஷமே ராப் ஜானாஃப்ங்கிற டிசைனர் இப்போ நாம பார்க்குற கடிச்ச ஆப்பிளை வரைஞ்சார். அந்தக் கடி எதுக்குன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. வரைஞ்சவர் சொன்ன காரணம் ரொம்ப சாதாரணம்: சின்ன சைஸ்ல செர்ரிப் பழம்னு நினைச்சுடக் கூடாது. கலரெல்லாம் பின்னாடி மாறிடுச்சு, உருவம் அப்படியே நிக்குது. அதுல கம்ப்யூட்டரும் இல்ல, கீபோர்டும் இல்ல, கவனிச்சீங்களா?

புதுசா பண்ணும்போது கலரைத் தொடாதீங்க. வெள்ளைத் தாள்ல கறுப்புல மட்டும் வரைங்க. கத்திரிக்கோல் பிடிச்சிருந்தா கத்திரிக்கோல் மட்டும். இல்ல, உங்க பேரோட மொதல் எழுத்து, நூல் ஓடுற மாதிரி ஒரே கோட்டுல. படமே வேண்டாம், பேரை நல்ல எழுத்துல போட்டா போதும்னாலும் சரி, எனக்கு அதுதான் பிடிக்கும். வரைஞ்சதும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக்கிப் பாருங்க. வாட்ஸ்அப் புரொஃபைல்ல அந்த அளவுலதான், அதுவும் வட்டமா, மூலையெல்லாம் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். தமிழ்ல ண, ஞ மாதிரி எழுத்துல உள்ள இருக்குற சுழி அடைச்சுக்குதா, புள்ளி காணாமப் போகுதான்னு பாருங்க. நீங்க தையல்காரங்க, உங்களுக்கே தெரியும், துணி லேபிள்ல எம்ப்ராய்டரி போடும்போது மெல்லிசு கோடு நிக்காது. ரப்பர் ஸ்டாம்ப்லயும் அதே கதைதான், நிழல் குடுத்து கலரை மங்க விட்டதெல்லாம் அதுல வராது.

டெம்ப்ளேட்ல இன்னொரு சிக்கல். அதே கத்திரிக்கோல் படத்தை இன்னும் எத்தனையோ பேர் எடுத்திருப்பாங்க. கேன்வா மாதிரி இடங்கள்ல அவங்க கொடுக்குற ரெடிமேட் படத்தை வெச்சு டிரேட்மார்க் பதிய முடியாதுன்னு விதிமுறையிலயே இருக்கு. சாதாரணக் கோடு, வட்டம், ஃபான்ட் இதுக்கு அந்தத் தடை இல்ல. ஆனா ஃபான்ட் எடுக்கும்போது, தொழிலுக்குப் பயன்படுத்தலாம்னு லைசென்ஸ்ல போட்டிருக்கான்னு படிச்சுடுங்க. சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம்னு நிறைய இருக்கு.

கலர் கடைசில ஒண்ணோ ரெண்டோ போதும். போன் ஸ்கிரீன்ல பளிச்சுனு தெரியுற பச்சையும் நீலமும் பிரின்ட்ல கொஞ்சம் மங்கித்தான் வரும். மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள் கேட்டு வாங்கிப் பாருங்க.

வரைஞ்சு முடிச்சதும் யாராவது டிசைனர்கிட்ட கொடுத்து வெக்டர் பண்ணச் சொன்னீங்கன்னா, எஸ்விஜி ஒண்ணு, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒண்ணு, முழுக் கறுப்புல ஒண்ணு, கறுப்புப் பின்னணிக்கு வெள்ளையில ஒண்ணு, இத்தனையும் கேட்டு வாங்குங்க. வாங்கினதை உங்க மெயிலுக்கே ஒரு தடவை அனுப்பி வெச்சுக்குங்க, போன் மாத்தும்போது தொலையாது. பழைய லோகோ போட்ட விசிட்டிங் கார்டு மிச்சம் இருந்தா தீர்ற வரைக்கும் அதையே கொடுங்க, ஒண்ணும் ஆகாது. போர்டை மட்டும் ஒரு வாரம் நிறுத்தி வெக்கச் சொல்லுங்க.