ஆலம் ஏன் சிவக்கிறது?

[காட்சி: பித்தளைத் தட்டில் தண்ணீர். மஞ்சள்தூள் விழுந்து மெல்லப் பரவுகிறது.]

கல்யாண வீட்டு வாசல். மணமக்கள் காரிலிருந்து இறங்கப் போகிறார்கள். உள்ளேயிருந்து "ஆலம் கரைத்தாயிற்றா?" என்று யாரோ அவசரப்படுத்துகிறார்கள். அத்தை ஒருவர் தட்டில் மஞ்சளைக் கரைத்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பை எடுத்து விரலால் குழைக்கிறார். விரல் போன வழியெல்லாம் சிவப்பு. இரண்டு சுற்று சுற்றுவதற்குள் தட்டு முழுவதும் குருதி நிறமாகிவிடுகிறது.

பெயிண்ட் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மஞ்சளோடு வெள்ளையைக் கலந்தால் இளமஞ்சள் வரும் என்பார். சிவப்பு எங்கிருந்து வந்தது? இரண்டு பொருளிலும் ஒரு துளிச் சிவப்பு இல்லையே. அப்படியானால் இங்கே நடந்தது வெறும் கலப்பு அல்ல. உள்ளே ஓர் ஆசாமி உருமாறியிருக்கிறார்.

[காட்சி: சிவந்த நீரில் எலுமிச்சையைப் பிழிகிறார்கள். மஞ்சள் திரும்புகிறது.]

எலுமிச்சையைப் பிழிந்தால் அவர் மறுபடியும் பழைய ஆளாகிவிடுகிறார். விசேஷ வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், திட்டு விழும். அடுப்படியில் ஒரு கிண்ணம் போதும்.

[காட்சி: மூலக்கூறின் வரைபடம், மெல்லச் சுழல்கிறது.]

அந்த ஆசாமியின் பெயர் குர்குமின். மஞ்சள் கிழங்கின் நிறம் பெரும்பாலும் இவராலும் இவருடைய இரண்டு தம்பிகளாலும் வருவது. 1815இல் வோகல், பெல்தியே என்ற இருவர் இந்த நிறப்பொருளைக் கிழங்கிலிருந்து பிரித்தார்கள். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பொருளின் உருவத்தை அறிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு!

கார்பன் 21, ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 6. மொத்தம் 47 அணுக்கள், ஒரே கட்டாகக் கட்டுண்டவை. அந்தக் கட்டுக்குத்தான் மூலக்கூறு என்று பெயர். ஒரு கிராம் மஞ்சள்தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு குர்குமின் என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் ஐந்து லட்சம் கோடி கோடி கட்டுகள் இருக்கும். எழுத்துப்பிழை அல்ல, கோடி இரண்டு முறை வரத்தான் வேண்டும்.

உருவத்தைப் பாருங்கள். பால் காவடி எடுப்பவரின் தோளில் உள்ள தண்டும், இரு முனையிலும் தொங்கும் சொம்புகளும் நினைவுக்கு வருகின்றனவா? நடுவில் ஏழு கார்பன்கள் வரிசையாக நிற்கும் தண்டு. இரு முனையிலும் ஆறு கார்பன்கள் கைகோத்த வளையம், ஆளுக்கொன்று. இந்த வளையத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேறோர் இடத்தில் மாட்டப் போகிறது.

நிறத்துக்கு வருவோம். இந்தத் தண்டிலும் வளையங்களிலும் சில எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு ஒட்டிக்கொள்ளாமல் உலவுகின்றன. வெயில் படும்போது அவை சுமார் 425 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியுள்ள ஊதா, நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு வருகிறது. வெள்ளை ஒளியில் நீலத்தைக் கழித்தால் மிஞ்சுவது மஞ்சள். கிழங்கு நிறத்தை உண்டாக்கவில்லை, நீலத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தருகிறது.

சுண்ணாம்பு வந்ததும் என்ன ஆகிறது? சுண்ணாம்பு ஒரு காரம். காரத்தின் குணம், ஹைட்ரஜன் தளர்வாக ஒட்டியிருக்கும் இடம் பார்த்து அதைக் கழற்றிக்கொள்வது. குர்குமினிலிருந்து ஒன்றிரண்டு ஹைட்ரஜன்கள் கழன்று போகின்றன. போகும்போது எலக்ட்ரானை விட்டுவிட்டு வெறுங்கையோடு போகின்றன. அப்படி விடப்பட்ட எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுதும் இன்னும் தாராளமாகப் பரவுகின்றன.

[காட்சி: வீணைத் தந்தி. விரல் மெட்டிலிருந்து விலக, அதிரும் நீளம் கூடுகிறது.]

வீணையில் அதிரும் தந்தி நீண்டால் சுருதி இறங்கும் அல்லவா? இங்கும் அதே கணக்கு. எலக்ட்ரான் உலவும் இடம் விரிந்ததும், மூலக்கூறு விழுங்கும் ஒளியின் ஆற்றல் இறங்குகிறது. நீலத்தை விட்டுப் பச்சைப் பக்கம் கை நீட்டுகிறது. பச்சையைக் கழித்தால் எஞ்சுவது சிவப்பு. 47 அணுக்களில் ஒன்றிரண்டு போனதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். எலுமிச்சையின் அமிலம் ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுக்க, தந்தி பழைய சுருதிக்கு வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் மஞ்சள் தாளை வைத்து அமிலமா காரமா என்று பார்ப்பதும் இதே வித்தைதான்.

தமிழில் ஒரு வேடிக்கை. சுண்ணாம்பும் காரம், மிளகாயும் காரம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மிளகாயை அரைத்து மஞ்சளில் கொட்டிப் பார்த்து, ஏன் நிறம் மாறவில்லை என்று என்னைக் கேட்ட மாணவன் ஒருவன் உண்டு. தவறு அவனுடையது அல்ல, சொல்லினுடையது. ஆனாலும் மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் வேறொரு உறவு இருக்கிறது. வருகிறேன்.

[காட்சி: வெள்ளைச் சட்டை. மார்பில் ஒரு மஞ்சள் கறை.]

சென்ற மாதம் பந்தியில் எனக்கும் இந்த மூலக்கூறுக்கும் ஒரு தகராறு. புதுச் சட்டையில் சாம்பார் ஒரு சொட்டு. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் அலசினேன். அசையவில்லை. சோப்பைத் தேய்த்தேன். கறை செக்கச் சிவந்தது. சட்டை பாழாகிவிட்டது என்று ஒரு கணம் கை ஓய்ந்துவிட்டது. பிறகுதான் புத்தி வந்தது: துணி சோப்பும் காரம். நான் கையில் பிடித்திருந்தது ஆலத் தட்டு.

தண்ணீர் ஏன் தோற்றது? நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால் நீரோடு கைகோக்கத் தெரிய வேண்டும். சர்க்கரைக்குத் தெரியும். குர்குமினின் பெரும்பகுதிக்குத் தெரியாது. மஞ்சள் தண்ணீர் என்று நாம் சொல்வதை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள், அடியில் தூள் படிந்திருக்கும். கரையவில்லை, மிதந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். எண்ணெயில் போட்டால் கதை வேறு, நொடியில் நிறம் இறங்கும். தாளிப்பில் மஞ்சள் போடுவதும், பாலில் கலந்து குடிப்பதும் இதற்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கின்றன. பாலில் கொழுப்பு இருக்கிறதே.

மஞ்சள் பாலில் மிளகும் போடுவார்கள். அதற்கும் ஓர் ஆராய்ச்சி உண்டு. குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உள்ளே போன கொஞ்சத்தையும் கல்லீரல் விரைவாக வேறொன்றோடு கட்டி வெளியே தள்ளிவிடும். மிளகில் உள்ள பைப்பரின் அந்த வேலையைத் தாமதப்படுத்துகிறது. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. இந்த 2000ஐ மட்டும் பிய்த்தெடுத்து மாத்திரை டப்பாக்களில் அச்சடிக்கிறார்கள். பைப்பரின் இல்லாமல் இரத்தத்தில் இருந்த குர்குமின் இம்மியளவு என்பதை அச்சடிப்பதில்லை. இம்மியை இருபது மடங்காக்கினாலும் மலை ஆகாது.

[காட்சி: அஞ்சறைப் பெட்டி திறக்கிறது. மஞ்சள், மிளகாய் வற்றல், கிராம்பு, சுக்கு.]

இப்போது அந்த வளையம். காவடியின் சொம்பைக் கிட்டத்தில் பாருங்கள். அறுகோணமாக ஆறு கார்பன். ஒரு மூலையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். பக்கத்து மூலையில் ஓர் ஆக்சிஜன், அதில் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். இதே வளையம், இதே இரண்டு ஒட்டுகளோடு, கிராம்பில் இருக்கிறது. அங்கே வளையத்தில் மூன்று கார்பன் வால் சேர்ந்து யூஜெனால் ஆகிறது. பல் மருத்துவர் அறையில் வரும் அந்த மணம். வால் நீண்டால் இஞ்சியின் ஜிஞ்சரால். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது, உறைப்பும் ஏறுகிறது. வாலின் நடுவே ஒரு நைட்ரஜன் வந்தால் மிளகாயின் கேப்சைசின். வாலே இல்லாமல் ஒரு சிறு முனை மட்டும் இருந்தால் வனிலின், ஐஸ்கிரீமின் வனிலா மணம்.

நிறம், மணம், உறைப்பு, இனிப்புக் கடையின் வாசனை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அஞ்சு அறையாகத் தடுத்து வைத்திருக்கிறோமே தவிர, உள்ளே அண்ணன் தம்பிகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இது.

கேப்சைசின் நாக்கில் என்ன செய்கிறது? சுடுபொருள் பட்டால் திறக்கும் கதவு ஒன்று நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறக்கும். கேப்சைசின் அதில் கள்ளச்சாவியாகப் பொருந்துகிறது. வெந்நீர் படாமலேயே வாய் எரிகிறது, நெற்றி வியர்க்கிறது. 1997இல் இந்தக் கதவை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு, ஆர்டெம் பட்டாபூட்டியனோடு சேர்த்து 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கதவின் அறிவியல் பெயரில் 'வனிலாய்டு' என்ற சொல் வருகிறது. வனிலாவின் வளையம்தான் காரணம். மிளகாய் தின்று தண்ணீர் குடித்தவர் பட்ட பாடும் மேலே சொன்னதுதான், இந்த மூலக்கூறும் நீரோடு சேராது. மோர் குடியுங்கள்.

[காட்சி: மொட்டை மாடி. கொடியில் வெள்ளைச் சட்டை.]

சட்டை என்ன ஆயிற்று? கறை சிவந்திருக்கும்போதே கசக்கினேன். ஹைட்ரஜனை இழந்த குர்குமினுக்கு மின்சுமை உண்டு, அதனால் நீர் அதைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். பாதி போனது. மீதி, அலசி முடித்ததும் மஞ்சளாகத் திரும்பி இளித்தது. பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னபடி, ஈரத்தோடு உச்சி வெயிலில் காயப்போட்டேன்.

வெயில் கறையை எடுப்பதில்லை, உடைக்கிறது. ஒளியை விழுங்கி விழுங்கிக் காவடித்தண்டு ஒரு கட்டத்தில் முறிகிறது. தண்டு முறிந்தால் எலக்ட்ரான்கள் உலவ இடமில்லை, தந்தி அறுந்த வீணை. துண்டுகள் துணியிலேயே கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியும் நிறம் அவற்றுக்கு இல்லை. அந்தத் துண்டுகளில் ஒன்று எது தெரியுமா? வனிலின்.

மாலையில் போய்ப் பார்த்தேன். சட்டை வெளுத்திருந்தது. கறை இருந்த இடத்தை மூக்கருகே வைத்து முகர்ந்தேன். வனிலா மணம் வரவில்லை. சோப்பு மணம்தான்.