டிவியில் தூக்கம் வரவைக்கும் பேஸ்பாலை நேரில் போய் ஏன் பார்க்க வேண்டும்?

அடுத்த கேள்வி. சிகாகோவுக்கு வந்து ஆறு மாதம் ஆன ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். "அண்ணா, ஆபீஸில் எல்லோரும் கப்ஸ் மேட்ச், கப்ஸ் மேட்ச் என்று குதிக்கிறார்கள். நான் டிவியில் போட்டுப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். விதியும் புரியவில்லை. காசு கொடுத்து மைதானத்தில் போய் உட்கார இதில் அப்படி என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். (தெரியாதவர்களுக்கு: கப்ஸ் என்பது சிகாகோவின் ஒரு பேஸ்பால் அணி.) நானும் தூங்கியிருக்கிறேன். பேஸ்பாலில் பாதிக்கு மேல் ஒன்றுமே நடக்காது, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். டிவியில் அது பெரிய குறை. பந்து வீசுகிற பிட்சர் முகம், அடிக்கிற பேட்டர் முகம், மறுபடி பிட்சர் முகம், நடுவில் கார் விளம்பரம். ஆனால் நேரில் மூன்று நான்கு தடவை போய்விட்டால், அந்த ஒன்றும் நடக்காத நேரத்துக்காகத்தான் போகிறோம் என்று தெரிந்துவிடும். பேசலாம், கடலை உடைத்துத் தின்னலாம், வெயில் காயலாம், பக்கத்து சீட்டுக்காரர் கதையைக் கேட்கலாம், டக்கென்று ஒரு சத்தம், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நிற்பீர்கள்.

இன்னொன்று, ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 மேட்ச், அதில் 81 சொந்த ஊரில். அதனால் ஒரு மேட்ச் தோற்றால் உலகம் இடிந்துவிடாது, பெரும்பாலும் நாளைக்கே அதே அணியோடு இன்னொன்று இருக்கும். இது கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இல்லை, சாயங்காலம் கோயில் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிற மாதிரி.

சரி, நம்ம ஊர் மைதானத்துக்கு வருவோம். ரிக்லி ஃபீல்ட் 1914இல் திறந்தது, கப்ஸ் அணி 1916இல் குடிவந்தது. வண்டி எடுக்காதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது, கிடைத்தால் டிக்கெட்டை விட அதற்கு அதிகம் அழ வேண்டும். ரெட் லைன் ரயிலில் அடிசன் ஸ்டேஷனில் இறங்குங்கள், மைதானம் கண்ணெதிரே இருக்கும். ஊருக்கு வெளியே கார் நிறுத்தும் கடலுக்கு நடுவில் கட்டியது இல்லை இது, வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஷெஃபீல்ட், வேவ்லேண்ட் தெருக்களில் எதிர்வீட்டு மொட்டைமாடியில் படிக்கட்டு மாதிரி சீட் போட்டு மேட்ச் பார்க்கிறார்கள். வேவ்லேண்ட் தெருவில் கையுறையோடு சிலர் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள், சுவரைத் தாண்டி வருகிற ஹோம் ரன் பந்தைப் பிடிக்க!

உள்ளே போனதும் நான் முதலில் பார்ப்பது கொடியைத்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று. ஏரி பக்கத்தில் இருப்பதால் இந்த மைதானத்தில் காற்று இன்னோர் ஆட்டக்காரர் மாதிரி. ஏப்ரலில் ஏரிப் பக்கமிருந்து உள்ளே வீசினால் நல்ல அடியும் கை பிடித்து இழுத்தமாதிரி பாதியில் விழும் (அப்போது நீங்களும் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பீர்கள், தடியான ஜாக்கெட் வேண்டும்). கோடையில் வெளியே வீசினால் சாதாரண அடியும் சுவரைத் தாண்டும். 1979 மே 17 அன்று அப்படி வீசிய காற்றில் பிலடெல்பியா 23, கப்ஸ் 22 என்று ஒரு மேட்ச் முடிந்தது. அமெரிக்கக் கால்பந்து ஸ்கோர் இல்லை, பேஸ்பால் ஸ்கோர்தான். அவ்வளவு அடித்தும் தோற்றது நம்ம ஆட்கள், அது வேறு விஷயம்.

அப்புறம் அந்தச் சுவர். செங்கல் சுவர் முழுக்க ஐவி கொடி, 1937இல் நட்டது. சீசன் தொடங்கும்போது வெறும் குச்சிதான், ஜூனில் போனால் பச்சைப் பசேலென்று இருக்கும். பந்து அந்தக் கொடிக்குள் சிக்கிக்கொண்டால் பீல்டர் இரண்டு கையையும் தூக்கிவிடுவார், அடித்தவருக்கு இரண்டு பேஸ் (ஓடிப்போய்த் தொட வேண்டிய முனைகள்) கொடுத்துவிடுவார்கள். கையைத் தூக்காமல் உள்ளே கைவிட்டுத் தேட ஆரம்பித்தாரோ, ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், அடித்தவரும் ஓடிக்கொண்டே இருப்பார். ஒரு தொழில்முறை விளையாட்டில் செடிக்கு என்று தனியாக நடைமுறை இருப்பது எனக்கு இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஸ்கோர்போர்டும் அதே 1937ஆம் வருடத்தது, உள்ளே ஆள் இருந்து கையால்தான் எண் தகட்டை மாற்றுகிறார்.

இங்கே ராத்திரி மேட்ச் என்பதே 1988 வரை கிடையாது. 1941இல் விளக்கு போட வாங்கிய சாமானைப் போர் வந்ததும் ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் 47 வருடம் பகல் வெளிச்சம்தான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, வேலை நாளில் மதியம் 1:20க்கு மேட்ச் வைப்பார்கள். உங்கள் ஆபீஸில் செவ்வாய்க்கிழமை மதியம் யாருக்காவது பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் அன்றைக்குக் கப்ஸ் மேட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு இந்த விளையாட்டு பிடிபட்டது ஒரு பாட்டியால். இரண்டாவது தடவை போனபோது பக்கத்து சீட்டில் ஒருவர், எழுபது வயதிருக்கும், பென்சிலும் ஸ்கோர் அட்டையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அட்டையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இப்படி. 6-4-3 என்று எழுதினால், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸுக்குப் போட்டு, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட். பந்தை மூன்று தடவை தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆனால் 'கே' என்ற ஆங்கில எழுத்து, மட்டையை வீசாமல் நின்றே அவுட் ஆனால் அதே எழுத்தைத் தலைகீழாக இல்லை, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். அப்பா சொல்லிக் கொடுத்தாராம், இதே மைதானத்தில். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை, ஆனால் அந்த அட்டை நினைவிருக்கிறது. எழுதத் தொடங்கினால் தூக்கம் வராது, அது உறுதி.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிரிக்கெட்டில் பந்து நம் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இங்கே உங்களுடையது, வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆனால் ரிக்லியின் பிளீச்சர்ஸ் பகுதியில், அதாவது சுவருக்கு மேலே பெஞ்சு போட்ட இடத்தில், எதிரணிக்காரர் அடித்த ஹோம் ரன் பந்தைப் பிடித்தீர்கள் என்றால் "திருப்பிப் போடு, திருப்பிப் போடு" என்று சுற்றியிருக்கிற அத்தனை பேரும் கத்துவார்கள், மைதானத்துக்குள் வீசித்தான் ஆக வேண்டும். 1999இல் பாகிஸ்தான் ஜெயித்தபோது சேப்பாக்கத்தில் எழுந்து நின்று கைதட்டிய ஊரிலிருந்து வந்தவனுக்கு முதலில் இது ஒருமாதிரி இருந்தது. இப்போது நானும் கத்துகிறேன். விவரமானவர்கள் ஒரு பழைய பந்தைப் பையில் வைத்திருந்து அதை வீசிவிடுவார்கள்.

ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து ஒரு பழைய பாட்டுப் பாடுவார்கள், வர்ணனையாளர் ஹேரி கேரி மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பாடவைத்த பழக்கம், 1998இல் அவர் இறந்த பிறகு ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு விருந்தாளி பாடுகிறார். பாட்டு எழுதியது 1908இல். அதே வருடம் கோப்பை ஜெயித்த கப்ஸ் அடுத்தது ஜெயித்தது 2016இல். அந்தக் கடைசி மேட்ச் இங்கே நடக்கவில்லை, கிளீவ்லேண்டில் நடந்தது. ஆனால் ஜனங்கள் ரிக்லிக்கு வந்து வெளிச்சுவர் செங்கல்லில் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள், இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பா, தாத்தா, பாட்டி பெயர்களை. கை எட்டுகிற உயரத்துக்கு மேலும் எழுத்து இருந்தது. சும்மா ஒரு மேட்சுக்கு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் அல்லவா?

சரி, விதி தெரியாமல் போகலாமா என்றால், தாராளமாக. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், நான்கு பால் தப்பாகப் போட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம், மூன்று அவுட் ஆனால் அணி மாறும், இப்படி ஒன்பது இன்னிங்ஸ். மீதியைப் பக்கத்தில் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். 2023இல் பிட்சருக்கு நேரக் கணக்கு வைத்த பிறகு இரண்டே முக்கால் மணிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

டிக்கெட் ஏப்ரல், மே வார நாட்களில் மலிவு, பரம எதிரியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வந்தால் ஏறிவிடும். வெயில் ஆகாது என்றால் மூன்றாவது பேஸ் பக்கம் மேல்வரிசை. ஆனால் பழைய கட்டடம், தூண் இருக்கிறது. மலிவாக இருக்கிறதே என்று ஒருமுறை எடுத்துவிட்டு மேட்ச் முழுக்க பிட்சரைத் தூணுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தேன், தூண் மறைக்கும் என்று டிக்கெட்டோடு இருந்த குறிப்பைப் படிக்காதது என் தப்பு. ஹாட் டாக் வாங்கினால் கெட்சப் கேட்காதீர்கள், சிகாகோவில் கடுகு சாஸ்தான், கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார்கள். சைவம் என்றால் ஓட்டோடு வறுத்த கடலை, தோலைக் காலடியிலேயே போடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

முடிந்ததும் உடனே ரயிலுக்கு ஓடாமல் ஸ்கோர்போர்டு மேலே பாருங்கள். ஜெயித்தால் வெள்ளைக் கொடியில் நீல எழுத்து, தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை எழுத்து. மேட்சுக்கு வராமல் ரயிலில் போகிறவர்கள்கூட அதைப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்வார்கள். போய்விட்டு வந்து எந்தக் கொடி என்று எழுதுங்கள், தங்கச்சி. அடுத்த கேள்வி, பனிக்காலத்தில் கார் பேட்டரி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்.