கினிப்பன்றிக்கு உடம்பு சரியில்லை: தராசு, சிரிஞ்ச், மருத்துவர்

[திரையில்: உலர்புல் குவியலுக்குப் பக்கத்தில், முடி சிலிர்த்தபடி ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் கினிப்பன்றி]

வணக்கம். கினிப்பன்றிக்கு நோய் வந்துவிட்டால் மருத்துவரிடம் எப்படிக் கொண்டுபோவது, சிகிச்சை நடக்கும் நாட்களில் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். நோய்களின் பெயர்களும் மருந்துகளின் பெயர்களும் இடையிடையே வரும் என்றாலும், நான் அதிக நேரம் பேசப்போவது சாப்பாட்டைப் பற்றித்தான். நோய் எதுவாக இருந்தாலும், சாப்பிடுவது நின்றுபோனால் அந்தப் பட்டினியே இரண்டாவது நோயாகி, முதல் நோய்க்கு மருந்து வேலைசெய்வதற்குள் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

இதற்குக் காரணம் கினிப்பன்றியின் குடல் அமைப்பு. புல்லில் உள்ள நாரைச் சிதைத்துச் சத்தாக்குவது, பெருங்குடலின் தொடக்கத்தில் பை போல விரிந்திருக்கும் பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள். நார் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் குடலும் அசையும், அந்த நுண்ணுயிர்களும் சமநிலையில் இருக்கும். வரத்து நின்றால் குடல் மந்தமாகிறது, வாயு சேர்ந்து வயிறு உப்புகிறது, வலி எடுக்கிறது, வலியினால் சாப்பாடு மேலும் குறைகிறது. உடல் தன் கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கப் பார்க்கும்போது அது கல்லீரலில் போய்ப் படிகிறது. நாய்க்கோ பூனைக்கோ ஒருவேளை உணவு தவறினால் நாளைவரை பொறுத்துப் பார்க்கலாம். கினிப்பன்றி ஏறக்குறைய 12 மணி நேரம் எதையும் தொடாமல் இருந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சாப்பிடவில்லை என்பதே பல நேரங்களில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால், பலவீனத்தை வெளியே காட்டாமல் மறைப்பது இதன் இயல்பு. உணவுத்தட்டுக்கு ஓடிவரும், புல்லை வாயில் கவ்வும், மென்றுகொண்டிருப்பது போலவே தெரியும். உள்ளே ஒன்றும் இறங்கியிருக்காது. ஆகவே கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். சமையலறையில் பயன்படுத்தும் சாதாரண டிஜிட்டல் தராசும், அதன்மேல் வைக்க ஒரு கிண்ணமும் போதும். நலமாக இருக்கும்போது வாரம் ஒருமுறை, நோயின்போது தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். வளர்ந்த கினிப்பன்றி பெரும்பாலும் 700 கிராமிலிருந்து 1,200 கிராம்வரை இருக்கும். வயிறு நிறைந்திருப்பதையும் சிறுநீர் கழித்ததையும் பொறுத்து 20, 30 கிராம் கூடிக் குறைவது இயல்பே. 50 கிராமுக்கு மேல் குறைந்து, அது திரும்பி வராவிட்டால் கவனிக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், வேறு அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் அது நோய்தான்.

தராசுக்கு அடுத்தபடியாக உண்மையைச் சொல்வது புழுக்கை. ஒரே அளவில், நீள்வட்டமாக, உடைத்தால் உள்ளே சற்று ஈரமாக இருப்பது நல்ல புழுக்கை. அது சிறுத்து, காய்ந்து, ஒரு முனை கூராகிவிட்டால் உள்ளே போகும் உணவு குறைந்துவிட்டது என்று பொருள். மூச்சில் கரகரப்பு, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, வயிறு இறுகி உப்புவது, சிறுநீர் கழிக்கும்போது கீச்சிடுவது, சிறுநீரில் இரத்தம், பக்கவாட்டில் சாய்ந்து விழுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். அதே வேளையில் கண்ணிலிருந்து பால்போல் வெண்மையான திரவம் வந்து, அதை முன்கால்களால் முகமெங்கும் தேய்த்துக்கொள்வதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அது தன் முகத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் வழக்கமான வேலை.

[திரையில்: சிறிய கூண்டுப்பெட்டி, உள்ளே விரித்த துண்டு, கைப்பிடி உலர்புல்]

இனி மருத்துவரிடம் போவது. கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் கினிப்பன்றியைப் பார்த்துப் பழகியிருக்க மாட்டார்கள். முயல், கினிப்பன்றி போன்ற சிறு விலங்குகளுக்கு அடிக்கடி சிகிச்சை தருபவர் யார் என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நள்ளிரவில் வயிறு உப்பிக் கிடக்கும்போது தொடங்க வேண்டிய தேடல் அல்ல அது. அசைந்து உருளாத அளவுக்குச் சிறிய, கெட்டியான பெட்டியில் துண்டு விரித்து உலர்புல் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு நிமிடமும் விட்டுச் செல்லாதீர்கள். இவற்றால் வெப்பத்தைத் தாங்க முடியாது. கூடவே வாழும் துணை இருந்தால், தொற்றுநோய் என்ற சந்தேகம் இல்லாதவரை அதையும் அழைத்துச் செல்வது நல்லது, பதற்றம் குறையும். எடை எழுதிய தாள், புதிய புழுக்கை கொஞ்சம், இதுவரை கொடுத்த மருந்துகளின் விவரம் ஆகியவற்றுடன், வீட்டில் கண்ட விநோதமான மூச்சையோ நடையையோ கைபேசியில் படம்பிடித்தும் கொண்டுபோங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றியதும் பயத்தில் உறைந்துவிடும் பிராணி, வீட்டில் செய்ததை அங்கே செய்துகாட்டாது.

மருத்துவர் எடை பார்ப்பார், நெஞ்சைக் கேட்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், வெப்பநிலை பார்ப்பார். சுமார் 37.2 முதல் 39.5 டிகிரி செல்சியஸ்வரை இயல்பு. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் நிலைமை மோசம். அவர் பார்த்தே தீரவேண்டிய இடம் வாய். கினிப்பன்றிக்கு 20 பற்கள், அவை அனைத்துமே வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து வாய் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் தொல்லை பெரும்பாலும் உள்ளே, கடைவாய்ப்பற்களில் இருக்கும். தேயாமல் வளர்ந்த கீழ்க் கடைவாய்ப்பற்கள் இரு பக்கமும் உட்புறமாகச் சாய்ந்து நாக்கின்மேல் பாலம்போல் மூடிவிடும். அதன்பின் நாக்கை அசைத்து உணவை விழுங்கவே முடியாது. ஆர்வமாக வந்து உணவை எடுத்து, சற்றே மென்று, கீழே போட்டுவிட்டுப் போகும் பிராணிக்குப் பல் பரிசோதனை அவசியம். முழுமையாகப் பார்க்கவும் பற்களைத் தேய்த்துச் சீராக்கவும் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும்.

மயக்க மருந்து என்றதும் ஓர் எச்சரிக்கை. நாய், பூனைகளுக்குச் சொல்லிப் பழகியவர்கள் "முந்தைய நாள் இரவிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்று கினிப்பன்றிக்கும் சொல்லிவிடுவதுண்டு. இந்தப் பிராணியால் வாந்தி எடுக்கவே முடியாது, நீண்ட பட்டினியோ குடலை நிறுத்திவிடும். அப்படி யாராவது சொன்னால், மருத்துவரிடமே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எக்ஸ்-ரே எடுத்தால் பல்லின் வேர்களும் சிறுநீர்ப்பையில் உள்ள கற்களும் தெரியும். அந்தக் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை, உணவை மாற்றிக் கரைத்துவிட முடியாது, பொதுவாக அறுவைச் சிகிச்சைதான் வழி. வயதான பெண் கினிப்பன்றிக்கு விலாவின் இருபுறமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால் சூலக நீர்க்கட்டியாக இருக்கலாம். தோலில் சொறிப்பூச்சி தொற்றினால் அரிப்பு தாங்காமல் வலிப்புபோல் துடிக்கும். படர்தாமரை என்றால், தொடும் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

மருந்துகளில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் மனிதர்களுக்குச் சாதாரணமானவையாக இருக்கலாம். கினிப்பன்றிக்கு அவை குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்களைப் பெருகவிட்டு, அவற்றின் நஞ்சாலேயே சில நாட்களில் கொன்றுவிடக்கூடியவை. வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் சல்ஃபா ஆகியவை வழக்கமாக எழுதப்படுபவை. மருத்துவர் எழுதும் பெயர் வேறாக இருந்தால், இது கினிப்பன்றிக்குப் பாதுகாப்பானதா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

வைட்டமின் சி பற்றியும் சொல்லியாக வேண்டும். மனிதர்களைப் போலவே கினிப்பன்றியின் உடலும் அதைத் தயாரிப்பதில்லை. 1907இல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டுமே கொடுத்து, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை வரவழைத்துக் காட்டினார்கள்; அந்த நோயை மனிதகுலம் புரிந்துகொள்வதற்கு இந்தச் சின்னப் பிராணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நலமாக இருக்கும்போது கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் போதும். நோயின்போது 30 முதல் 50 மில்லிகிராம்வரை மருத்துவர் பரிந்துரைப்பார். குடிநீரில் கலக்காதீர்கள்: வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும், சுவை மாறினால் தண்ணீரையே குடிக்காது. வாயில் நேரடியாகக் கொடுப்பதே சரி.

[திரையில்: ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச், குழைத்த உணவு உள்ள கிண்ணம்]

இப்போது கையால் ஊட்டுவது. நோயுற்ற தாவர உண்ணிகளுக்கென்று விற்கும் மாவை வெதுவெதுப்பான நீரில் குழைக்கலாம். அது உடனே கிடைக்காவிட்டால் வழக்கமான பெல்லட் தீவனத்தை ஊறவைத்து மசிக்கலாம். சிரிஞ்சில் நார் அடைத்துக்கொண்டே இருந்தால் அதன் நுனியை வெட்டிவிட்டு, விளிம்பு வாயைக் கீறாதபடி தேய்த்து மழுங்கச் செய்துகொள்ளுங்கள். பிராணியைத் துண்டில் சுற்றி, உங்கள் வயிற்றுக்கு எதிராகப் பின்பக்கம் அணைந்திருக்கும்படி, நான்கு கால்களும் கீழே பதிய உட்காரவையுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டவே கூடாது, உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முன்பற்களுக்குப் பின்னால் பல் இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. உதட்டோரத்திலிருந்து சிரிஞ்சை அதன்வழியே கடைவாயை நோக்கி நுழைத்து, அரை மில்லி மட்டும் அழுத்துங்கள். தாடை அசைந்து மென்று விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த அரை மில்லி. ஒரு வேளைக்கு 10 முதல் 20 மில்லி, நாளுக்கு ஐந்தாறு வேளை என்பது பொதுவான கணக்கு. இரவிலும் ஒருமுறை எழ வேண்டியிருக்கும். முகத்தில் பாதி, துண்டில் பாதி என்று போவதை உண்டதாகக் கணக்கில் எழுதாதீர்கள், தராசு காட்டிக்கொடுத்துவிடும். வயிறு கல்லாக உப்பியிருந்தால் ஊட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்து எழுதியிருந்தால், அதைக் கொடுத்து அரை மணி நேரமாவது கழித்து ஊட்டத் தொடங்கினால் பிடிவாதம் குறைவாக இருக்கும்.

எவ்வளவு செய்தும் எடை இறங்கிக்கொண்டே போய், வலியும் அடங்காத நிலை வரலாம். அப்போது வேதனையின்றி விடைகொடுப்பது குறித்து மருத்துவர் பேசினால், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்படி நேர்ந்தால் எஞ்சியிருக்கும் துணையையும் சில வாரங்கள் எடை பார்த்து வாருங்கள், அதன் சாப்பாடும் குறைந்துபோவதுண்டு.

தேறும் பிராணி முதலில் இளந்தழையைத் தொடும், பிறகு பெல்லட், கடைசியாகத்தான் உலர்புல். தழையைத் தின்றுவிட்டது என்பதற்காக ஊட்டுவதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஒரு வேளையைக் குறைத்து, மறுநாள் எடை நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் இன்னொரு வேளையைக் குறையுங்கள். ஆன்டிபயாடிக்கை மட்டும் தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் எழுதிய நாள்வரை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். பல் பிரச்சினை இருந்த பிராணிக்கு, எடை சீராக இருந்தாலும் அடுத்த பரிசோதனைக்கு எத்தனை வாரம் கழித்து வரவேண்டும் என்பதைக் கேட்டுவிட்டே மருத்துவமனையிலிருந்து கிளம்புங்கள்; தேய்த்த பல் மறுபடியும் வளரும்.