காலிப் பாத்திரமும் பூரிம் பலகாரமும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து, இன்று தொண்ணூறை நெருங்கும் வயதிலும் கைத்தடியோடு மாடியேறி வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். நூலகர் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. யூதர்களின் பூரிம் பண்டிகையைப் பற்றி நான் ஏன் பேசவேண்டும் என்று கேட்டேன். "அது கொடுத்துச் சாப்பிடுகிற பண்டிகை அக்கா, முப்பத்தொரு வருஷம் சத்துணவுக் கூடத்தில் இருந்த நீங்கள்தான் பேசணும்" என்றார். புத்தகங்களையும் அவரே தேடிக் கொடுத்தார்.

மூன்று விஷயங்கள் சொல்லப்போகிறேன். பண்டிகையின் கதை, அதன் பலகாரம், பிள்ளைகள் போடும் மாறுவேடம்.

கதை நடக்கும் இடம் பாரசீகப் பேரரசின் சூசான் அரண்மனை. இன்றைக்கு ஈரானின் தென்மேற்கில் ஷூஷ் என்று இருக்கிறதே, அந்த ஊர். இந்தக் கதையைச் சொல்லும் பைபிளின் எஸ்தர் நூலில், முதல் வசனத்திலேயே நம் நாட்டின் பெயர் வருகிறது. இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு என்றுதான் அரசனை அறிமுகப்படுத்துகிறார்கள். அவனுடைய மந்திரி ஆமான். மொர்தெகாய் என்ற யூதர் தனக்கு முன்னால் மண்டியிடவில்லை என்ற கோபத்தில், அந்த இனத்தையே ஒரே நாளில் அழிக்கத் திட்டம் போட்டான். எந்த நாள் என்று முடிவுசெய்யச் சீட்டுப் போட்டான். சீட்டுக்கு 'பூர்' என்று பெயர். பூரிம் அதிலிருந்து வந்தது. மொர்தெகாய் வளர்த்த அனாதைப் பெண் எஸ்தர்தான் அப்போது அரசி. தானும் யூதப் பெண் என்பதை அதுவரை வெளியில் சொல்லாதவள். கூப்பிடாமல் ராஜாவின் முன்னால் போனால் உயிர் போகலாம் என்று தெரிந்தும் போனாள். அவள் அங்கே என்ன கேட்டாள் தெரியுமா? 'விருந்துக்கு வாருங்கள்' என்றாள். இரண்டு நாள் விருந்து வைத்து, இரண்டாவது விருந்தில் உண்மையை உடைத்தாள். மொர்தெகாய்க்காக ஆமான் நட்டுவைத்த ஐம்பது முழ மரத்தில் ஆமானே தொங்கினான்.

பூரிம் பண்டிகை வருவது யூதர்களின் ஆதார் மாதம் 14ஆம் தேதி. பௌர்ணமியை ஒட்டி, நமக்கு மாசி பங்குனி வாக்கில் வரும். ஜெருசலேம் போன்ற பழைய கோட்டை நகரங்களில் மட்டும் 15ஆம் தேதி. முதல் நாள் இரவிலும் மறுநாள் பகலிலும் தொழுகைக்கூடத்தில் எஸ்தர் நூல் எழுதிய சுருளை முழுக்கப் படிப்பார்கள். ஆமானின் பெயர் அதில் 54 இடத்தில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர் காதில் விழாதபடி பிள்ளைகள் கிலுக்கையைச் சுற்றுவார்கள், பெரியவர்கள் தரையில் காலை உதைப்பார்கள். சத்தம் அடங்கும்வரை படிப்பவர் காத்திருக்கவேண்டும். கடவுளின் பெயரோ அந்தச் சுருளில் ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. அங்கே காப்பாற்றும் வேலையை மனுஷர்கள்தான் செய்கிறார்கள்.

பலகாரத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய யூதர்கள் செய்வது ஹாமன்டாஷன், முக்கோண வடிவில் இருக்கும். இஸ்ரேலில் அதற்கு ஆமானின் காது என்று பெயர். போன வாரம் மருமகளும் நானும் வீட்டில் செய்து பார்த்தோம். மைதாவில் வெண்ணெயும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, திரட்டி, டம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டவேண்டும். பூரணம் கசகசா. அரைத்துப் பாலும் தேனும் விட்டு, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை கிளறி ஆறவைத்து, நடுவில் சின்ன உருண்டையாக வைக்கவேண்டும். பிறகு ஓரத்தை மூன்று மூலையாகக் கிள்ளி மூடவேண்டும், நடுவில் பூரணம் கொஞ்சம் தெரியும். மூலையை நன்றாக அழுத்திக் கிள்ளாவிட்டால் அடுப்பில் பூ மாதிரி விரிந்துவிடுகிறது. முதல் தட்டு எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஈராக்கிலிருந்து வந்த யூதர்கள் பாதாமும் ஏலக்காயும் சேர்த்து உருண்டையாக ஒரு பிஸ்கட் செய்கிறார்கள். சில வீடுகளில் கொண்டைக்கடலையை வேகவைத்து உப்பும் மிளகும் தூவி வைப்பார்கள். அரண்மனையில் எஸ்தர் விலக்கப்பட்ட இறைச்சியைத் தொடாமல் விதைகளைச் சாப்பிட்டே இருந்தாள் என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு, அந்த ஞாபகமாக.

ஆனால் சமைத்ததை வைத்துக்கொள்ளும் பண்டிகை இல்லை இது. சுருள் படிப்பதும் விருந்தும் போக, இன்னும் இரண்டு கடமைகள் உண்டு. ஒரு நண்பருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்பவேண்டும். இரண்டு ஏழைகளுக்காவது கொடுக்கவேண்டும். பிச்சை வாங்கிப் பிழைப்பவருக்கும் இந்தக் கடமை உண்டு, அவரும் இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டும்.

இதில் ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும், தலைவர் மன்னிக்கவேண்டும். யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத்தில் இருக்கிறது. 1,600 வருஷத்துக்கும் மேலாயிற்று. இன்றைய ஈராக்கில் பும்பெதித்தா என்று ஒரு கல்வி நகரம். அங்கே ரப்பா என்ற பெரிய ஆசான். அவர் பூரிம் அன்று சீடன் அபாயேயைக் கூப்பிட்டு, ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் வறுத்த மாவும் கொடுத்து, மாரி என்ற அறிஞர் வீட்டுக்கு அனுப்பினார். அபாயே எட்டிப் பார்த்துவிட்டு, "குடியானவன் ராஜாவானாலும் கழுத்துக் கூடை இறங்காது என்று மாரி சொல்லப்போகிறார்" என்றான். இவ்வளவு பெரிய பதவிக்கு வந்தும் பட்டிக்காட்டுச் சீர்தானா என்று அர்த்தம். ரப்பா எதையும் மாற்றவில்லை, பையன் கொண்டுபோனான். மாரி பதிலுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? ஒரு பை இஞ்சி, ஒரு கிண்ணம் திப்பிலி! நம் அம்மாமார் பிரசவ லேகியத்தில் போடுகிற அதே திப்பிலி. அங்கே இஞ்சிக்கு வரும் சொல் ஜங்விலா. நம் இஞ்சிவேர் கடல் கடந்து போய்த்தான் கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ் ஆனது என்கிறார்கள் மொழி அறிஞர்கள், இதுவும் அந்தக் குடும்பத்துச் சொல். அபாயே இங்கேயும் சும்மா இருக்கவில்லை. "நான் இனிப்பு அனுப்பினேன், நீ காரம் அனுப்பினாய் என்று ஆசான் சொல்வாரே" என்றான். இன்னும் கேளுங்கள். "ஆசான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எனக்கு வயிறு நிறைந்திருந்தது. மாரி வீட்டில் அறுபது தட்டில் அறுபது வகை வைத்தார்கள், அறுபதையும் சாப்பிட்டேன். கடைசியாகச் சட்டியில் வறுத்த கறி, அதைத் தின்றபின் தட்டையே கடிக்கலாம்போல இருந்தது" என்கிறான். அதோடு ஒரு பழமொழியும் சொன்னான். ஏழைக்குத் தான் பசியோடிருப்பதே தெரியாதாம்.

நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அபாயே தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அவனை வளர்த்தது ரப்பாதான். சத்துணவுக் கூடத்தில் 'பசிக்கலை டீச்சர்' என்று சொல்லிவிட்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. தகுதி பார்த்துக் கொடு என்று எல்லாரும் பொருள் சொல்வார்கள். நான் முப்பத்தொரு வருஷமும் வேறு பொருள்தான் வைத்திருந்தேன். பாத்திரத்தைப் பார், காலியாக இருக்கிறதா? போடு. பதிவேட்டில் பெயர் இல்லாத ஒரு சின்னப் பையன், அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து அலுமினியத் தட்டோடு வருவான். ஆய்வுக்கு வந்த ஒருவர், "இவன் யார், கணக்கில் இல்லையே" என்றார். போட்ட சோற்றை நான் திரும்ப எடுக்கவில்லை. அதற்கு எழுத்துபூர்வமாக விளக்கம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பாத்திரம் அறிந்துதான் போட்டேன் என்று எழுதினேன்.

பூரிமுக்கு யூதச் சட்டம் வகுத்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அன்றைக்குக் கொடுக்கும் காசில் ஆராய்ச்சி கூடாது. கை நீட்டுகிற எவருக்கும் கொடு. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். சொந்த விருந்தைப் பெரிதாக்குவதைவிட, நண்பருக்கு அனுப்புவதைவிட, ஏழைக்கு அதிகம் கொடுப்பதே மேல். ஏழை, அனாதை, விதவை, அந்நியர் இவர்கள் மனசைக் குளிரவைப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி கிடையாது என்றார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மாறுவேடத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். நகர்மன்ற உறுப்பினர் அம்மாவும் இருக்கும்போது இதைச் சொல்லிவிடுகிறேன். நூலக வாசலில் நாம் வைத்த அன்ன அலமாரி ஆறு மாதமாக நடக்கிறது. காலையில் யாரோ இட்லிப் பொட்டலம் வைக்கிறார்கள், மதியத்துக்குள் யாரோ எடுத்துப்போகிறார்கள். வசதி உள்ளவர்களும் எடுக்கிறார்கள் என்று இப்போது ஒரு பேச்சு. அதனால் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எடுப்பவர் பெயரும் ஆதார் எண்ணும் எழுதவேண்டும் என்று யோசனை வந்திருக்கிறது. அம்மா, ஆதார் மாதத்துப் பண்டிகையில்கூட எண் கேட்பதில்லை. வசதி உள்ளவர் ஒருவர் எடுத்தால் ஒரு பொட்டலம் போகும். நோட்டைப் பார்த்ததும் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர் நாளைக்கும் வரமாட்டார். நோட்டு வேண்டாம் என்று ஒரு வார்த்தை இன்றைக்கே சொல்லிவிட்டுப் போங்கள் அம்மா. பாத்திரம் அறியத்தான் வேண்டும் என்றால், தினமும் சாயங்காலம் நானே வந்து அலமாரியைப் பார்க்கிறேன். எந்தத் தட்டு காலி என்று குறித்து வைக்கிறேன்.

வாசலில் மிளகு போட்ட கொண்டைக்கடலையும், மூலை விரியாமல் வந்த இரண்டாவது தட்டுப் பலகாரமும் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு பொட்டலம் எடுங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டுக்கு. தலைமையாசிரியர் ஐயாவுக்கு மேலேயே கொண்டுவந்து தருகிறேன், அவர் இறங்கவேண்டாம்.