மரபுத்தொடர் இரண்டாம் படியில் வரட்டும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, அன்போடு அறிமுகம் செய்துவைத்த ஆங்கில மன்றச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, நோட்டும் பேனாவுமாக வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் தம் உரையில், பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் உயிர் இல்லை என்று வருந்தினார்கள். நான் பேச வந்ததை அவர்களே தொடங்கிவைத்துவிட்டார்கள். அவர்களுக்கு என் தனி நன்றி.

“சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்” என்றார் ஔவையார். ஆங்கிலத்துக்கும் விதி அதேதான். இன்று மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். ‘இடியம்’ எனப்படும் மரபுத்தொடரைக் கட்டுரையில் எப்படி வைப்பது, புதுச் சொல்லை எப்படிச் சொந்தமாக்கிக்கொள்வது, மதிப்பெண்ணை எப்படிப் பிரித்துப் போடுவது.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, ‘ஒரு தீ விபத்து’. பத்து மரபுத்தொடராவது வர வேண்டும் என்பது கட்டளை. பையன் பட்டியலை மனப்பாடம் செய்து வந்திருக்கிறான். முதல் வரி, “த சன் வாஸ் ஷைனிங் பிரைட்லி”. வெயில் பளபளவென்று அடிக்கிறது. நான்காம் வரியில் நள்ளிரவு, பக்கத்து வீடு எரிகிறது! வெயில் எங்கே போயிற்று என்று அவனுக்குக் கவலை இல்லை, ஒரு தொடர் செலவாகிவிட்டது. அடுத்து தீயணைப்பு வண்டி வருகிறது. வீரர்கள் தீயோடு கடுமையாகப் போராடினார்கள் என்று சொல்ல வேண்டும். “ஃபாட் லைக் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்” என்று எழுதுகிறான். ஆங்கிலத்தில் அதற்கு என்ன பொருள்? ஒருவரோடொருவர் ஓயாமல் சண்டை பிடித்தார்கள் என்று பொருள். தீ ஒருபக்கம் எரிகிறது, வீரர்கள் தங்களுக்குள் மல்லுக்கட்டுகிறார்கள்! மாடியில் சிக்கிய பாட்டி “கூல் ஆஸ் எ குகும்பர்”, அதாவது துளிப் பதற்றமும் இல்லை. கடைசியில் வீட்டை இழந்த அந்தக் குடும்பம் “ஆன் க்ளவுட் நைன்”, அதாவது ஆனந்தத்தின் உச்சியில் நிற்கிறது. உயிர் பிழைத்த நிம்மதியைச் சொல்லப் போனவன், வீடு எரிந்ததற்குக் கொண்டாட வைத்துவிட்டான்.

சிரிக்கிறோம். ஆனால் அதே கட்டுரையின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: “படிக்கட்டில் பாப்பாவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது.” எளிய ஆங்கிலம், ஆறேழு சொல். கட்டுரை முழுவதிலும் அவன் கண்ணால் பார்த்து எழுதியது அந்த ஒரு வரிதான். அதற்கு மதிப்பெண் இல்லை. பட்டியலில் இல்லாத வரியாயிற்றே. பிழை பையனுடையதல்ல, பத்து வேண்டும் என்ற கட்டளையினுடையது.

சரி, எப்படி வைப்பது? முந்நூறு சொல் கட்டுரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முதல் வரியில் வேண்டாம். கதை சூடுபிடிக்கும் இடத்தில் வரட்டும். தொடரின் சொற்களை மாற்றக் கூடாது. சுற்றி வளைத்துப் பேசுவதைச் சொல்லும் “பீட் அரவுண்ட் த புஷ்” என்பதில் புஷ்ஷைப் பன்மையாக்கினால் தொடர் உடைந்துவிடும். ஆனால் மாற வேண்டியது மாறியே ஆக வேண்டும். பயத்தில் பதறினேன் என்று சொல்லும் “மை ஹார்ட் வாஸ் இன் மை மவுத்” என்பது அவனைப் பற்றியதானால் இரண்டு இடத்திலும் ‘ஹிஸ்’. ரகசியத்தைப் போட்டு உடைப்பதைச் சொல்லும் “லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்” இறந்தகாலத்திலும் ‘லெட்’தான், ‘லெட்டட்’ என்று ஒன்று கிடையாது. அடுத்தது இடம் பொருள் ஏவல். செத்துப்போனதைச் சொல்லும் “கிக்ட் த பக்கெட்” என்பது விளையாட்டுப் பேச்சு. தாத்தா இறந்த துக்கத்தை எழுதும் கட்டுரையில் அது வந்தால் படிப்பவர் முகம் சுளிப்பார். இறந்தார் என்று நேரே சொல்லும் ‘டைட்’ என்ற எளிய சொல்லே அங்கே மரியாதை.

புதுச் சொல்லுக்கு வருவோம். ‘வாக்’ என்பதற்குப் பதில் ‘ஸ்ட்ரோல்’, ‘ட்ரட்ஜ்’, ‘ஸ்டேகர்’ என்று வரிசையாக எழுதிப் போடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல. ஸ்ட்ரோல் ஆற அமர உலாவுவது, ட்ரட்ஜ் சோர்ந்து கால் இழுத்து நடப்பது, ஸ்டேகர் தள்ளாடுவது. அடிபட்டவனை ஸ்ட்ரோல் பண்ண வைத்தால் அது இரவல் சட்டை, தோளில் நிற்காது. ஆகவே நோட்டில் ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். சொல்லைக் கண்ட வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். அதோடு கூடி வரும் சொற்களைக் கீழே எழுதுங்கள்: மழைக்கு ‘ஹெவி’, தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’, மாற்றிப் போட்டால் பொருள் புரியும், காதில் ஒட்டாது. சொல்லை அடுத்து வரும் ‘ப்ரெபொசிஷன்’ என்ற முன்னிடைச்சொல்லையும் குறியுங்கள். ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின்னால் ‘அபவுட்’ வராது என்பது அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே, ஆங்கில ஆசிரியர் ஹார்ன்பி தலைமையில் ஓர் அகராதி 1942-இல் ஜப்பானில் வெளிவந்தது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. சொல்லுக்குப் பொருள் சொன்னதோடு நில்லாமல், அது வாக்கியத்தில் எப்படி அமரும் என்றும் காட்டியதுதான் அதன் சிறப்பு. வாரம் ஐந்து சொல் போதும். எழுதிய அன்று ஒரு வாக்கியம், ஒரு வாரம் கழித்து நோட்டைப் பார்க்காமல் ஒன்று, பிறகு கட்டுரையில். சித்திரமும் கைப்பழக்கம்!

கைப்பழக்கத்துக்கு நம் வகுப்பில் நேரம் எங்கே? இதைத்தான் போகும் மேடையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளை ஒருமுறை எழுதுகிறது, ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார், நோட்டு மூடப்படுகிறது. திருத்தியதைப் பிள்ளை திரும்ப எழுதுவதே இல்லை. வாரம் ஒரு கட்டுரை வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதை இரண்டு முறை, இரண்டு படிகளாக எழுதட்டும். முதல் படியில் மரபுத்தொடரே கூடாது. நடந்ததை எளிய சொல்லில் எழுதி முடிக்கட்டும். ஆசிரியர் திருத்த வேண்டாம், சறுக்கிய இடங்களில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடட்டும். இரண்டாம் படியில் பிள்ளையே பிழையைக் கண்டுபிடிக்கும், தளர்ந்த இரண்டு மூன்று வினைச்சொற்களை மாற்றும், இடம் இருந்தால் ஒரு மரபுத்தொடரை வைக்கும். மதிப்பெண் இரண்டாம் படிக்கு மட்டும். ஆசிரியர்களுக்குச் சுமை கூடுமே என்பார்கள். கூடாது. இரண்டு வாரத்தில் இரண்டு முழுத் திருத்தம் செய்த இடத்தில், ஒரு கோடு போடும் வாசிப்பும் ஒரு திருத்தமும்தான்.

மதிப்பெண்ணைப் பிரிப்பது பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். செயலாளர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மரபுத்தொடரின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடுவதை இந்தப் பருவத்தோடு நிறுத்துங்கள். தலைமையாசிரியர் அவர்களே, ஒரே ஒரு வகுப்பில், ஒரே ஒரு பருவம் இந்த இரண்டாம் படியை நடத்திப் பார்க்க அனுமதி தர வேண்டுகிறேன். இதை ஆதரிக்கும் பெற்றோர்களுக்கான கையெழுத்துப் படிவம் வாயிலருகே மேசையில் இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.