திங்கட்கிழமை என்று சரியாகச் சொன்னவர்

நேயர்களுக்கு என் வணக்கம். மருத்துவமனையில் உறவினர் எவருக்கேனும் துணையாக இருந்தவர்கள், செவிலியர் எழுதும் பதிவேட்டை ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் என்று எண்கள் நிரம்பிய அந்தத் தாளில், எண் ஏதும் இல்லாத ஒரு வரியும் இருக்கும்: "நினைவுடன் இருக்கிறார், காலம், இடம், ஆள் அறிகிறார்." செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் இந்த வரியை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றுள் எத்தனை முறை நோயாளியிடம் உண்மையாகவே கேட்டுப் பார்த்துவிட்டு எழுதினேன் என்று கேட்டால், விடை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். வெப்பமானியை வைக்காமல் காய்ச்சல் அளவை எழுத எந்தச் செவிலியருக்கும் மனம் வராது. இந்த ஒரு வரியை மட்டும், முந்தைய பணிமுறையில் இருந்தவர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதிவிட நம் கை தயங்குவதில்லை. இன்று நான் பேச வந்தது அந்த வரியைப் பற்றித்தான்.

'மனநிலை' என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ச்சி, வருத்தம், கோபம் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். நோயாளியின் மனநிலையை மதிப்பிடுவது என்று செவிலியத்தில் நாங்கள் சொல்லும்போது அது இன்னும் விரிந்த பொருளில் வருகிறது. அவர் எவ்வளவு விழிப்புடன் இருக்கிறார், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடிகிறதா, உடையும் தோற்றமும் எப்படி, பேச்சு ஓட்டமாக இருக்கிறதா தடுமாறுகிறதா, எண்ணங்கள் ஒன்றோடொன்று கோவையாக வருகின்றனவா, இல்லாததைக் காண்கிறாரா, கேட்கிறாரா, நினைவாற்றல் எப்படி, தமக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிகிறதா என்பவை எல்லாம் அதில் அடங்கும். இவற்றுள் கவனம் என்ற ஒன்றைத்தான் இன்று சற்று நீட்டிப் பேசப்போகிறேன், ஏனென்றால் அதைக் கோட்டை விட்டவர்களில் நானும் ஒருத்தி.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நடந்தது இது. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்த்தவர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பணி. மற்ற கட்டில்களில் ஒருவர் வலி என்றும், இன்னொருவர் மின்விசிறி ஓடவில்லை என்றும் அழைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கூப்பிடவே இல்லை. "அந்தக் கட்டில்காரர் மிகவும் சாது, ஒரு தொந்தரவும் இல்லை" என்றுதான் இரவுப் பணியில் இருந்தவர் எனக்கு ஒப்படைத்துவிட்டுப் போனார். நான் அவரிடம் சென்று, "இன்று என்ன கிழமை, ஐயா?" என்று கேட்டேன். சற்று நேரம் எடுத்துக்கொண்டு, "திங்கட்கிழமை" என்றார். அன்று திங்கட்கிழமைதான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன், "ஆஸ்பத்திரி" என்றார். பெயரைச் சொன்னார். எனக்குத் திருப்தி. அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பிற்பகலில் அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "நேத்துலேர்ந்து என்னை ஒரு குறையும் சொல்லல, சிஸ்டர். நாப்பது வருஷத்துல இப்படி இருந்ததே இல்ல. எனக்குப் பயமா இருக்கு." நான் சிரித்துவிட்டேன். இதை மறைக்காமல் சொல்கிறேன். உடம்பு அசதியில் அமைதியாக இருக்கிறார் அம்மா, நல்லதுதானே என்று ஏதோ சொல்லி அவரை அனுப்பப் பார்த்தேன். எங்கள் பிரிவின் மூத்த செவிலியர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், அந்தக் கட்டிலின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கிழமையைக் கேட்கவில்லை. "ஐயா, சனிக்கிழமையிலிருந்து தொடங்கி, கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லுங்கள்" என்றார். முதியவர் "சனி, வெள்ளி" என்றார், நின்றார், பிறகு "சனி, ஞாயிறு, திங்கள்" என்று முன்னோக்கிப் போனார், அதற்கும் பிறகு தம்மிடம் கேள்வி கேட்கப்பட்டதையே மறந்துவிட்டு, போர்வையில் இல்லாத நூலைப் பிரித்தெடுக்கத் தொடங்கினார். வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்த்தவர் அவர் என்பதை நினைவில் வையுங்கள். மூத்த செவிலியர் என்னைத் திரும்பிப் பார்த்து, எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே தினமும் தாள் கிழிக்கும் நாட்காட்டி, பெரிய எழுத்தில் திங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்து அவர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். முதியவரின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார். சிறுநீர்ப்பை தொப்புள் வரை புடைத்திருந்தது. பதிவேட்டிலோ, சிறுநீர் கழிந்தது, படுக்கை நனைந்திருந்தது என்றே இரண்டு நாளும் எழுதியிருந்தோம். நிரம்பிய பானையிலிருந்து வழிவதைப் போல, நிறைந்துபோன பையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததைத்தான் நாங்கள் கழித்ததாகக் கணக்கு வைத்திருந்தோம். மருத்துவர் வந்து குழாய் செலுத்தியபோது ஏறத்தாழ ஒரு லிட்டர் வெளியேறியது. இரண்டு நாட்களுக்குப் பின் அந்த அம்மாள் மலர்ந்த முகத்தோடு வந்து, மருந்துக்கடைச் சீட்டில் கூட்டல் தப்பு என்று அவர் தம்மைக் கடிந்துகொண்டதாகச் சொன்னார். எல்லாருக்கும் இவ்வளவு விரைவில் தெளிந்துவிடுவதில்லை. சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவருக்கு வந்திருந்ததற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். உடலில் ஏற்படும் ஏதோவொரு கோளாறினால் மூளையின் செயல்பாடு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென்று குலைவது அது. நம் மூத்தவர்கள் இதைச் சன்னி அல்லது ஜன்னி என்றார்கள். ஒரு சிறு விலகல்: வலிப்பையும் ஜன்னி என்று சொல்லும் வழக்கம் இருப்பதால் இந்தச் சொல் இப்போது குழப்பம் தருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஜன்னி என்றால் பிதற்ற வேண்டும், கட்டிலை விட்டு எழுந்து ஓட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது. பிதற்றாத ஜன்னியும் உண்டு. சுருண்டு படுத்து, கேட்டால் மட்டும் ஒரு சொல்லில் விடை சொல்லி, யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடக்கும் நோயாளியிடம் அது இருக்கும். கூச்சலிடுபவரைப் பார்க்க எல்லாரும் ஓடிவருவோம். சாதுவானவரைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவோம்.

டெலிரியத்தைக் கண்டறிய ஷாரன் இனோய் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990-இல் வெளியிட்ட முறை இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அதன் தருக்கத்தை வாய்மொழியாகவே சொல்லிவிடலாம். மாற்றம் திடீரென்று வந்து, கூடியும் குறைந்தும் போகிறதா? கவனம் சிதறுகிறதா? இந்த இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். இவற்றோடு, சிந்தனை கோவையற்றுப் போயிருப்பதோ, விழிப்பு நிலை மாறியிருப்பதோ, ஏதேனும் ஒன்று சேர்ந்தால் டெலிரியம் என்று கொள்ள வேண்டும். இன்று என்ன கிழமை என்ற கேள்விக்கு இதில் முதலிடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிழமையை நாட்காட்டி சொல்லிக் கொடுத்துவிடும். பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு பணிமுறையிலும் அதே கேள்வியைக் கேட்டு நாமே சொல்லிக் கொடுத்துவிடுவோம். கவனத்தை யாரும் கடனாகக் கொடுக்க முடியாது. ஆகவே மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். அது கடினம் என்று தோன்றினால் கிழமைகளைச் சொல்லச் சொல்லலாம். செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்டுப் பேச இயலாதவரிடம், எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்து, குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்லலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

முதலில் வருகிற அந்தக் கேள்வியை, அதாவது மாற்றம் திடீரென்று வந்ததா என்பதை, நோயாளியிடம் கேட்டு அறிய முடியாது. நேற்று எப்படி இருந்தார், வீட்டில் எப்படி இருப்பார் என்பது அந்த அம்மாளைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் இருப்பவர்களே, இதை உங்களுக்காகவும் சொல்கிறேன்: "இவர் இப்படி இருக்க மாட்டாரே" என்று உங்களுக்குத் தோன்றினால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் செவிலியரிடம் அதைச் சொல்லுங்கள், என்னைப் போல் ஒருத்தி சிரித்தாலும் மறுபடியும் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வரும் மறதிநோய் வேறு. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் வந்தது வேறு. மறதிநோய் உள்ளவருக்கும் இந்தத் திடீர்க் குழப்பம் மேலேறி வரலாம் என்பதால், "அவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்ற விடையை எளிதில் நம்பிவிடக் கூடாது. நேற்று எப்படி இருந்தார் என்று மீண்டும் கேட்க வேண்டும். மாலையிலும் இரவிலும் குழப்பம் கூடுவது வழக்கம் என்பதால், காலையில் ஒருமுறை பார்த்துத் தெளிவாக இருக்கிறார் என்று முடிவு கட்டுவதும் போதாது.

கிளாஸ்கோ அளவுகோல் இருக்கிறதே என்று செவிலியர்கள் கேட்பார்கள். டீஸ்டேல், ஜென்னட் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட அந்த அளவுகோல் கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகிய மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறது; முழு விழிப்புக்கு 15. மயக்கத்தின் ஆழத்தை அளப்பதில் அது மிகவும் உதவுகிறது. ஆனால் நாட்காட்டியைப் பார்த்து விடை சொன்ன என் முதியவருக்கு அன்று காலை நான் 15 கொடுத்திருந்தேன். பேச்சு குழம்பினால் 15 என்பது 14 ஆகும். ஒரு மதிப்பெண்தானே என்று கடந்து போவோம். பிரிட்டனில் 2017-இல் திருத்தி வெளியிடப்பட்ட முன்னெச்சரிக்கை மதிப்பீட்டு முறை இந்த அலட்சியத்தைத் திருத்தியது. அதில் மதிப்பெண் கூடக்கூட ஆபத்து அதிகம்; புதிதாகத் தோன்றிய குழப்பத்துக்கு அது 3 மதிப்பெண் தருகிறது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்கோ அதற்குக் கீழோ இறங்கினாலும் அதே 3 மதிப்பெண்தான். அழுத்தம் 90 என்றால் ஓடிப்போய் மருத்துவரை அழைக்கும் நாம், "கொஞ்சம் ஏதோ மாதிரி பேசுகிறார்" என்பதற்கும் அதே வேகத்தில் அழைக்க வேண்டும்.

அழைத்துவிட்டு வெறுமனே காத்திருக்கவும் வேண்டியதில்லை. இரத்தத்தில் சர்க்கரையும் ஆக்ஸிஜனும் எவ்வளவு, காய்ச்சல் உண்டா, சிறுநீர் தேங்கியிருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, வலியைச் சொல்லத் தெரியாமல் தவிக்கிறாரா, புதிதாக எந்த மருந்து தொடங்கினோம் என்று செவிலியரே பார்த்துவிடலாம். தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் பழைய வகை மாத்திரைகளும் முதியவர்களைக் குழப்பத்தில் ஆழ்த்துவதில் பேர்போனவை. அமைதியற்றுப் புரள்கிறார் என்று இன்னொரு தூக்க மாத்திரை கொடுப்பது பல நேரங்களில் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். மதுவைத் திடீரென்று நிறுத்தியவருக்கு 2 முதல் 4 நாட்களுக்குள் வரும் கடுமையான குழப்பம் இதற்கு விலக்கு. அங்கே அந்த வகை மருந்தே சிகிச்சை. ஆகவே மதுப் பழக்கத்தைப் பற்றிக் கூச்சமின்றியும் குற்றம் சாட்டாமலும் சேர்க்கையின்போதே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று: காது கேளாதவரைக் குழம்பியவர் என்று எழுதிவிடாதீர்கள். காதுக் கருவியும் கண்ணாடியும் மேசை இழுப்பறையில் இருக்க, நோயாளி திருதிருவென்று விழிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேட்கும் விதத்தைப் பற்றி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும், ஏனென்றால் பத்து மணி நேரம் விழிக்காமல் தூங்க முடியாமற்போனாலே ஒருவருக்குக் கெட்ட இரவு, விட்டுவிட்டுக் கண்ணயர்ந்ததே இன்னொருவருக்கு நல்ல இரவு; எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேளுங்கள் என்பது அவர் கருத்து. விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்வியை அவர் அறவே வெறுத்தார். "இது ஆஸ்பத்திரிதானே, தெரிகிறதல்லவா?" என்று நாம் கேட்பது அப்படிப்பட்ட கேள்வி. எழுதும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். "முரட்டுத்தனமானவர், ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினால் அடுத்த பணிமுறையில் வருபவருக்கு ஓர் எரிச்சல் மட்டுமே போய்ச் சேரும். "ஊசி போட நெருங்கியபோது கையைத் தட்டிவிட்டு, 'என்னைக் கட்டிப்போட வருகிறீர்கள்' என்றார், நேற்று மாலை வரை இவ்வாறு பேசியதில்லை" என்று எழுதினால் அவருக்கு ஒரு நோயாளி கிடைக்கிறார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து வானொலி நிலையத்தார், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல்களைக் காட்டுகிறார்கள். மனச்சோர்வு, மாயக்குரல்கள், ஆதாரமற்ற சந்தேகங்கள் ஆகியவற்றுக்கு என்று பாதி நேரத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். முதியவரும் அவர் மனைவியும் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விட்டுவிடக் கூடாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாழ்ந்து என்ன பயன் என்கிற விதமாக ஒரு நோயாளி பேசினால், பேச்சை மாற்றாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவதில்லை. பலருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதலே உண்டாகிறது. ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு மருத்துவரைத் தேடிப் போகாமல், கட்டிலருகிலேயே இருந்துகொண்டு இன்னொருவரை அனுப்பி அழைத்து வரச் சொல்லுங்கள். வணக்கம்.